கோபினா சுருதி தப்பிய ஞாயிறு

என் வீட்டுக்காரர் கோபினா அபாக்காவுக்குப் பாட வராது. இதை நான் இனி மூடி மறைத்துப் பேச வேண்டியதில்லை, ரேடியோ கேட்ட எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவர்தான் எங்கள் மெதடிஸ்ட் கோயிலின் பாடகர் குழுத் தலைவர் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பாட வராதவர் எப்படியம்மா பாடகர்களுக்குத் தலைவர் ஆனார் என்று வெளியூர்க்காரர்கள் என்னிடம் கேட்பார்கள். அவர்களுக்கு அவசரம் இல்லையென்றால் உட்காரச் சொல்லிவிட்டு ஆரம்பத்திலிருந்து சொல்வேன்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பாட்டு வாத்தியார் வரிசையாக ஒவ்வொருவர் வாயருகிலும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு வந்தாராம். கோபினாவிடம் வந்ததும் நின்றுவிட்டார். "நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும். சத்தம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவனிடம் போய்விட்டார். வேறு ஒருவனாக இருந்தால் அன்றே பாட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பந்து விளையாடப் போயிருப்பான். இவர் போகவில்லை. நான்கு குரலும் சேர்ந்து ஒலிக்கும்போது அதன் நடுவில் நிற்பது அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும், அதற்குப் பிறகு கோயில் பாடகர் குழுவின் பேஸ் என்ற அடிக்குரல் வரிசையிலும், மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே நின்றார். பக்கத்தில் நின்றவர்கள் இவருக்கு மெல்லிய குரல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தன் சத்தம் இல்லாததால் மற்றவர்கள் சத்தமெல்லாம் அவருக்குள் போய்விட்டது. பெண்களின் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்ட்டோ, ஆண்களின் மேல்குரல் டெனர், அடிக்குரல் பேஸ் என்று நான்கு வரியும் மனப்பாடம். சந்தைக்குப் பின்னால் மீன் வைக்கிற குளிர்க் கிடங்குகளில் ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பதுதான் அவர் தொழில். அங்கேயும் அதே கதைதான். இயந்திரத்தின் மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார், எங்கே கோளாறு என்று பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

பழைய பாட்டுத் தலைவர் ஆசிரியர் வேலை மாற்றலாகித் தூரத்து நகரமான குமாசிக்குப் போனபோது குழு தலையில்லாமல் நின்றது. ஒரு செவ்வாய்க்கிழமை ஒத்திகை. செவ்வாய் கடலுக்குப் போகாத நாள் என்பதால் மீனவர்களான எங்கள் பேஸ் குரல்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். டெனர்காரர்கள் ஒரு இடத்தில் வழி தெரியாமல் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். பேஸ் வரிசையிலிருந்து கோபினா கையைத் தூக்கி, டோ, ரே, மி என்று ஒவ்வொரு சுரத்துக்கும் உள்ள கை அடையாளத்தைக் காட்டினார். அவர்கள் அதைப் பார்த்துப் பாடினார்கள், பாட்டு சரியாகிவிட்டது. அடுத்து ஆல்ட்டோ தடுமாறியது, அதற்கும் காட்டினார். ஒத்திகை முடிவதற்குள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதவி அப்படித்தான் வந்தது. கேட்டு வாங்கியதல்ல என்பதால், இது நம்முடையதுதானா என்ற சந்தேகம் அவருக்கு வெகு காலம் தீரவில்லை.

பாடிக் காட்ட முடியாத தலைவருக்கு ஒரு தொண்டை தேவைப்பட்டது. ஆல்ட்டோ வரிசையில் முன்னால் நின்ற நான் அகப்பட்டேன். "எசி, இதப் பாடிக் காட்டு" என்பார். கையைக் காட்டுவார், நான் பாடுவேன். சோப்ரானோ வரியும் நான்தான், ஆண்கள் வரியும் நான்தான். சில மாதம் பொறுத்துப் பார்த்த என் அம்மா, இந்த மனுஷர் கல்யாணப் பேச்சுக்கு ஆள் அனுப்பப்போகிறாரா, இல்லை உன் தொண்டையை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டே இருக்கப்போகிறாரா என்று சந்தையில் நாலு பேர் காது கேட்கவே கேட்டுவிட்டாள். அடுத்த வாரமே மாமன்மார்களோடு, பெண் கேட்கிற வழக்கப்படி மது பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் வீட்டில் ஒரு வரி பாடி நான் கேட்டதில்லை. குளிக்கும்போதுகூட இல்லை. பிள்ளைகள் அழுதால் தன் இசைக்கவையை, அந்த இரண்டு பல் இரும்பை, முழங்காலில் தட்டிப் பிள்ளையின் காதருகே பிடிப்பார். அது 'ம்ம்ம்' என்று பாடும், பிள்ளை தூங்கிவிடும். கோயிலில் பாட்டு தொடங்கும் முன்பு அதைத் தட்டிக் கேட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் முன்வரிசைக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு முனகல் முனகுவார். அதுதான் டோ. நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போவோம். அந்த ஒரு முனகலைத் தவிர அவர் வாயிலிருந்து சங்கீதம் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார். பாட்டு நன்றாக இருந்ததா என்பார். நன்றாக இருந்தது என்பேன். நிஜமாகவா என்பார். நிஜமாகத்தான் என்பேன். புளித்த சோள மாவில் அவித்த கென்கி உருண்டையைப் பிட்டு மீன் குழம்பில் தொட்டு வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டு, "ஆனா உங்கம்மா பாடினப்பதான் எல்லாரும் எழுந்து நின்னாங்க" என்பார். வாராவாரம் இந்தக் கடைசி வரி வரும். சாப்பிடுங்கள், ஆறிப்போகிறது என்பதைத் தவிர நான் என்ன சொல்ல?

என் அம்மா எஃபுவா மீன் சுட்டு விற்கிறவள். எங்கள் பக்கத்துக் கோயில்களில் பிரசங்கம் தனி ஒரு ஆளின் வேலை இல்லை. போதகர் ஒரு நல்ல கட்டத்துக்கு வந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்து, அந்த இடத்துக்குப் பொருத்தமாக ஒரு பாட்டை எடுத்துவிடுவாள். போதகர் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். சபை முழுவதும் பதில் பாடும், வெள்ளைக் கைக்குட்டைகள் ஆடும். பாட்டு அடங்கியதும் போதகர் புது மூச்சோடு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். எங்கள் கோயிலில் அப்படிப் பாட்டு எடுக்கிறவள் என் அம்மா. யாரும் நியமித்ததில்லை. புத்தகம் கிடையாது, இசைக்கவை கிடையாது, அடுப்புப் புகையில் ஊறிய அந்தத் தொண்டை மட்டும்தான். கறுப்பு அங்கியும் பட்டதாரிகளின் சதுரத் தொப்பியும் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் பழகிய ஆங்கிலப் பாட்டை நாங்கள் நான்கு குரலில் பாடி முடித்தால், சபை மரியாதையாக இருமும். அம்மா உட்கார்ந்த இடத்தில் ஒரு வரி எடுத்தால் கூரை பறக்கும். என் வீட்டுக்காரர் நெஞ்சில் தைத்த முள் அது.

சபை ஆண்டு விழா வந்தது. கேப் கோஸ்ட் பட்டணத்திலிருந்து ரேடியோக்காரர்கள் ஆராதனையை நேரடியாக ஒலிபரப்ப வருவதாக ஏற்பாடு. அதற்குச் சில வாரம் முன்பு போதகர் டாட்ஸி ஐயா கோபினாவைக் கூப்பிட்டு, சங்கடத்தோடு ஒன்று சொன்னார். முறையாக இசை படித்த ஒருவரைப் பட்டணத்திலிருந்து தலைவராகக் கொண்டு வரலாம் என்று மூப்பர்கள் சிலர் பேசிக்கொள்கிறார்கள், விழா முடிந்ததும் முடிவு செய்வார்கள் என்றார். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் போனது. ஆல்ட்டோக்காரியான எனக்கே பாட வராமல் போகிற அளவுக்கு ஒத்திகை மேல் ஒத்திகை. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தன் குழு தனியாக, வேறு எந்தப் பாட்டும் குறுக்கே வராமல், நன்றாகப் பாடிவிட்டால் தான் அங்கே நிற்கத் தகுதியானவன்தான் என்று நிரூபணம் ஆகிவிடும் என்று நினைத்தார்.

அதனால் ஒரு காரியம் செய்தார். ரேடியோவுக்கு நேரம் அளந்து கொடுத்திருக்கிறார்கள் என்று காரணம் காட்டி, 'பிரசங்கத்தின் நடுவே யாரும் பாட்டு எடுக்க வேண்டாம்' என்று விழா நிகழ்ச்சி நிரலில் அச்சடிக்க வைத்துவிட்டார். அச்சடித்த பிறகுதான் மாமியார் நினைவு வந்திருக்கிறது. நேரில் போய்ச் சொல்லத் தைரியம் இல்லை. மால்ட் என்ற இனிப்புப் பானம் ஒரு பெட்டியை என் தலையில் ஏற்றி, நீயே போய்ப் பக்குவமாகச் சொல்லிவிட்டு வா என்றார். எனக்கு வந்த கோபத்தில் வழியிலேயே பெட்டியைப் போட்டு உடைத்திருப்பேன். பாட்டில்கள் மேல் இரக்கப்பட்டுத் தூக்கிக்கொண்டு போனேன்.

அம்மா அடுப்பில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே நான் சொன்னதை முழுவதும் கேட்டாள். பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துப் பல்லால் மூடியைக் கழற்றினாள்.

"வாய மூடுன்னு சொல்லி, குடிக்கவும் குடுத்தனுப்பிருக்காரா மாப்பிள்ளை? பரவால்ல. மூடிக்கிறேன்."

திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. பாட்டிலைக் குடித்து முடித்துவிட்டு மறுபடி மீனைத் திருப்பினாள்.

விழா ஞாயிறு காலையிலேயே கரண்ட் போய்விட்டது. ரேடியோக்காரர்கள் தங்கள் ஜெனரேட்டரைக் கோயில் ஜன்னலுக்குக் கீழே வைத்து ஓட்டினார்கள். கறுப்பு அங்கிக்குள் நாங்கள் வெந்துகொண்டிருந்தோம். அம்மா வெள்ளை உடையும் வெள்ளைத் தலைக்கட்டுமாக வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, கைக்குட்டையை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

போதகர், இராமுழுக்க வலை போட்டும் ஒன்றும் அகப்படாத மீனவன் பேதுருவை ஆண்டவர் மறுபடி ஆழத்துக்கு அனுப்பிய கதையை எடுத்தார். எங்கள் ஊரில் இந்தக் கதை என்றாலே அம்மாவின் பாட்டு தயாராக இருக்கும். வெறும் வலையோடு படகில் உட்கார்ந்திருக்கிறான் என்ற இடத்துக்கு வந்ததும் போதகர் பழக்கதோஷத்தில் நிறுத்திவிட்டார். காத்திருந்தார். அம்மா ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போதகர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே போனார். இன்னொரு இடத்தில் நிறுத்தினார். அங்கேயும் ஜெனரேட்டர் சத்தம்தான். பாவம், இத்தனை வருடம் பாட்டின் இடைவெளியில்தான் அவர் அடுத்த வாக்கியத்தை யோசித்திருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது. சொன்னதையே திரும்பச் சொல்லி, நூல் அறுந்து, நேரத்துக்கு வெகு முன்பே ஆமென் சொல்லி இறங்கிவிட்டார். சபை உப்பில்லாத சோறு சாப்பிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தது.

அடுத்து எங்கள் விசேஷப் பாட்டு. கோபினா எழுந்து வந்து எங்கள் முன்னால் நின்றார். இசைக்கவையை முழங்காலில் தட்டினார், காதில் வைத்தார், கண்ணை மூடினார். முனகினார். கொஞ்சம் உயரமாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தலைவர் கொடுத்த சுருதியைக் குழுவில் யாரும் கேள்வி கேட்பதில்லை. எடுத்தோம்.

முதல் பக்கம் சமாளித்தோம். இரண்டாம் பக்கத்தில் டெனர்காரர்களின் கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாம் பக்கத்தில் சோப்ரானோக்கள் ஏற வேண்டிய உச்சிக்கு ஏறினார்கள், ஏற முடியவில்லை. ஒருத்தி கிறீச்சிட்டாள், இன்னொருத்தி நின்றுவிட்டாள், பிறகு வரிசையாக எல்லோரும் நின்றுவிட்டோம். பேஸ் குரல்காரர் பெரிய கோஜோவுக்கு மட்டும் காது கொஞ்சம் மந்தம். இரண்டு வரி தனியாகப் பாடிவிட்டுத்தான் அவரும் நின்றார்.

அந்த அமைதியில் ஜன்னலுக்குக் கீழே ஜெனரேட்டர் 'ம்ம்ம்' என்றது. கோபினா தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். இயந்திரத்தின் முனகலைக் கேட்டே பிழைத்த காது, இசைக்கவையை விட்டுவிட்டு ஜெனரேட்டரின் சுருதியைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது. ஃப்ரிட்ஜ்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு. அது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் புரிந்தது. ஒலிவாங்கி அவர் மார்புக்கு நேராக நின்றது. மூப்பர்கள் முன்வரிசையில் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் அன்று சொன்னதை இன்று கடலோர ஊர்கள் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கின்றன என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும்.

இப்படி ஆகும்போது தலைவர்கள் சோப்ரானோக்களை முறைப்பார்கள். நான் நிறைய விழாக்களில் பார்த்திருக்கிறேன். நாலு பேர் எதிரில் ஒரு முறைப்பு முறைத்தால் பழி அங்கே போய்விடும். இவர் சதுரத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சபையின் பக்கம் திரும்பினார்.

"சுருதிய நான்தான் தப்பாக் குடுத்துட்டேன். பாடினவங்க மேல குத்தம் இல்ல" என்றார். பிறகு பெண்கள் பக்கம் பார்த்து, "அத்தை, நீங்க ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்றார்.

அம்மா உட்கார்ந்தபடியே நிகழ்ச்சி நிரலைத் தூக்கிக் காட்டினாள். "வேண்டாம்னு இதுல போட்டிருக்கே மாப்பிள்ளை."

அங்கங்கே சிரிப்பு கிளம்பியது. அவரும் சிரித்துவிட்டுத் தப்பித்திருக்கலாம்.

"நான்தான் போடச் சொன்னேன், அத்தை. நேரத்துக்காக இல்ல. நீங்க பாடினா என் பாட்டு யாருக்கும் வேண்டாமப் போயிரும்னு பயந்துட்டேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா எழுந்தாள். கைக்குட்டையைப் பிரித்தாள். போதகர் அனாதையாக விட்டுவிட்டுப் போன அந்தப் படகிலிருந்தே தொடங்கினாள்: விடிய விடிய வீசினோம், வலையில் ஒன்றும் இல்லை ஆண்டவரே. ஆனால் குரல் வழக்கம் போல இல்லை. வாரக்கணக்கில் அடக்கி வைத்த மனத்தாங்கலோடு, மிகவும் தாழ்வாக, நடுங்கிக்கொண்டு வந்தது. கோபினா உடனே எங்கள் பக்கம் திரும்பினார். கையைத் தாழ்த்திப் பேஸ்காரர்களுக்கு ஒரு சுரம் காட்டினார். அவர்கள் அதை மெல்ல அம்மாவின் குரலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்கள். டெனருக்குக் காட்டினார். ஆல்ட்டோவுக்கு, எனக்குக் காட்டினார். அம்மாவின் பாட்டுக்கு நான்கு குரல் யாரும் எழுதியதில்லை. பொறாமையில் வெந்த அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் இந்த மனுஷர் அதைக் கேட்டுக் கேட்டு மனதுக்குள் அமைத்து வைத்திருக்கிறார். அடியில் எங்கள் குரல் வந்து நின்றதும் அம்மாவின் குரல் நிமிர்ந்தது. 'ஆழத்துக்குத் தள்ளு படகை' என்ற பதில் வரியைச் சபை முழுவதும் எழுந்து நின்று பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் அதைக் கேட்டேன். கரகரவென்று, பாட்டின் மேலேயும் கீழேயும் போய்க்கொண்டு, எல்லோருக்கும் அரை மூச்சு பிந்தி ஒரு குரல் பதில் பாடிக்கொண்டிருந்தது. யாரடா இது என்று தேடினேன். என் வீட்டுக்காரர். கைகள் எங்களுக்குச் சுரம் காட்டிக்கொண்டிருக்க, வாயை அகலத் திறந்து, கண்ணில் நீர் வழியப் பாடிக்கொண்டிருந்தார். நான் என் வரியை விட்டுவிட்டேன். அழுகையும் ஆல்ட்டோவும் ஒரே தொண்டையில் வராது.

மறுநாள் இன்னொரு பெட்டி மால்ட்டைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனார். போன தடவை வாயை மூட, இந்தத் தடவை எதற்கு என்று அம்மா கேட்டாளாம். திறக்க என்றாராம். "அதுக்கு மால்ட் எதுக்கு மாப்பிள்ளை? சரி, தூக்கிட்டு வந்துட்டீங்க, வச்சுட்டுப் போங்க" என்றாளாம். இரண்டு பேரும் அடுப்பருகே உட்கார்ந்து ஆளுக்கொரு பாட்டில் குடித்திருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு எல்லோருக்கும் முன்பே போய், இசைக்கவையை மேசை மேல் வைத்துவிட்டு நின்றார். பட்டணத்துக்காரரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தம் இல்லை, பேஸ் வரிசையில் ஒரு இடம் மட்டும் கொடுங்கள், இந்தத் தடவை வாயைத் திறந்தே நிற்கிறேன் என்றார். எங்கள் சோப்ரானோக்கள்தான் முதலில் மறுத்தார்கள். வேறு யாராக இருந்தாலும் எங்களைத்தான் கைகாட்டியிருப்பார்கள் என்றார்கள். பெரிய கோஜோவுக்கு நடந்தது பாதிதான் காதில் விழுந்தது, ஆனாலும் இசைக்கவையை எடுத்து அவர் கையில் திணித்தார்.

"நாளைக்கு விடியக்காலைல கடலுக்குப் போகணும். ஆரம்பிங்க."

போதகரும் அந்த வாரமே மூப்பர்களிடம் பேசிவிட்டார். பட்டணத்து ஆள் பேச்சு அதோடு போனது. தன் பிரசங்கத்தை இனி யார் சொன்னாலும் பாட்டில்லாமல் நடத்தமாட்டேன் என்று மட்டும் ஐயா கண்டிப்பாகச் சொன்னாராம். இப்போது அம்மா பாட்டு எடுத்தால், நாங்கள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே நான்கு குரலையும் சேர்த்துவிடுகிறோம். எங்கள் ஆங்கிலப் பாட்டுக்குச் சபை இன்னும் மரியாதையாகத்தான் இருமுகிறது. அவர் அதைப் பற்றி இப்போது கேட்பதில்லை. கென்கி சூடாகவே வயிற்றுக்குள் போகிறது.

கொஞ்ச நாள் கழித்து ஐஸ் வாங்குவதற்காகக் குளிர்க் கிடங்குக்குப் போயிருந்தேன். கோபினா ஒரு பெரிய ஃப்ரீசருக்குப் பின்னால் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். மங்கெஸ்ஸிம் ஊரிலிருந்து மீன் வாங்க வந்த ஒரு வியாபாரி தன் கைப்பேசியில் எங்கள் விழாவின் ஒலிப்பதிவைச் சுற்றியிருந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினார். அம்மாவின் குரல் வந்தது, சபையின் குரல் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, ஒலிவாங்கிக்கு மிக அருகில் நின்ற பாவத்தால், அந்தக் கரகரத்த குரலும் தெளிவாக வந்தது. வியாபாரி விழுந்து விழுந்து சிரித்தார்.

"பாட்டெல்லாம் அருமை. இந்தச் சேவலக் கோயிலுக்குள்ள யாரு விட்டது?"

கிடங்கில் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. முன்பு என்றால் இந்த மனுஷர் அந்த ஃப்ரீசருக்குப் பின்னாலேயே ஒளிந்து இரவு வரைக்கும் வெளியே வந்திருக்க மாட்டார். ஃப்ரீசருக்கு மேலே அவர் தலை தெரிந்தது. மூக்கில் மசி.

"அது நான்தான்" என்றார். "பாட்டுத் தலைவர். சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வைங்க, எனக்கு இங்க சரியாக் கேக்கல."

வியாபாரி திருதிருவென்று விழித்துவிட்டுச் சத்தத்தைக் கூட்டினார். கோபினா துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, தன் குரலைத் தானே தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் வரி வந்தபோது அதோடு சேர்ந்து பாடவும் செய்தார். ஒரு இடத்திலும் சுருதி சேரவில்லை. அந்தக் குரலைக் கேட்கக் கொடுத்து வைத்தேனே என்று நான் அங்கேயே நின்று ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். ஐஸ் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.